மாதா கூட்டுக்கு முன்னால் நடந்த பிள்ளை

“ஆவணி, மாதா திருநாள். கூடு வெளிக்கிட முந்தி எடுத்தது. சோழகம் பலம்.”

ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்புறத்தில் நீல மையால் எழுதப்பட்டிருக்கும் குறிப்பு இது. ஆண்டு எழுதப்பட்டிருந்த மூலையைப் பூச்சி தின்றுவிட்டது. சென்ற மாதம் ரொறன்ரோவில் இருக்கும் நம் வகுப்புத் தோழி இந்தப் படத்தை நம்முடைய வட்ஸ்அப் குழுவில் போட்டபோது முன்பக்கத்தை மட்டுமே போட்டிருந்தாள். பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பு என்று கேட்டது நான். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும். திகதி இல்லாத எதையும் என்னால் முழுதாக நம்ப முடிவதில்லை.

எழுத்து, மடத்தில் நமக்குப் பாட்டுப் பழக்கிய பாட்டுச் சிஸ்டருடையது. நம் கொப்பிகளில் அவர் போட்ட அதே சாய்ந்த எழுத்து. ஆண்டையும் ஓரளவு நிறுவலாம். படத்தின் பின்னணியில் பள்ளிக்கூட மண்டபத்தின் சுவர் எழும்பியிருக்கிறது, கூரை இல்லை. சுவர் எழும்பியது நாம் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு, கூரை போட்டது ஆறாம் வகுப்புக்குப் போன பிறகு. ஆகவே நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்த ஆவணி இது.

முன்னால் வெள்ளைச் சட்டையும் தலையில் நெற் முக்காடும் அதன்மேல் கிரீடம் போன்ற முடியுமாக, கையில் பூக்கூடையுடன் நிற்கும் பிள்ளை யார் என்று குழுவில் எல்லோரும் கேட்டீர்கள். மூன்று பெயர்கள் சொல்லப்பட்டன. மூன்றும் பிழை. அவள் மடத்துப் பிள்ளை. நாம் ‘குதிரை’ என்று கூப்பிட்ட நெடுந்தீவுப் பிள்ளை.

அவளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஓர் ஒழுங்கில் எழுதி வைக்கிறேன். நம்மில் சிலருக்கு நினைவு தப்பத் தொடங்கிவிட்டது.

மடம் என்று நாம் சொன்னது ஒரே வளவுக்குள் இருந்த மூன்று இடங்களை. முன்னால் பள்ளிக்கூடம். பின்னால் ஆதரவில்லாத பெண்பிள்ளைகளின் விடுதி. கிணற்றடிப் பக்கம், பார்க்க ஒருவரும் இல்லாத கிழவிகளுக்கென்று சில அறைகள். எல்லாவற்றையும் கன்னியாஸ்திரிகளே நடத்தினார்கள். நம் தீவின் கடற்கரை ஒழுங்கையால் வந்தால் முதலில் கரையொதுங்கிய சாதாளைப் பாசி மணக்கும், பிறகு கஞ்சிப் பசை மணக்கும், பிறகு கரி ஸ்திரிக்கைப்பெட்டி. பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் ஸ்திரிக்கை போடத் தொடங்குவார்கள், ஆகவே அந்த மூன்றாவது மணம் வந்தால் நாம் பிந்திவிட்டோம் என்று அர்த்தம்.

நாம் பகல் பிள்ளைகள். வீட்டிலிருந்து வந்து வீட்டுக்குப் போகிறவர்கள். பெரும்பாலும் சைவப் பிள்ளைகள். எங்கள் தகப்பன்மார் தென்னிலங்கையில் கடை வைத்திருந்தார்கள், அல்லது ஊரில் தோட்டம் செய்தார்கள். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் ஒழுக்கம் நல்லது என்பதற்காக எங்களை அங்கே விட்டார்கள். மடத்துப் பிள்ளைகள் எங்களுக்குப் பின்வாங்கில் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைமயிர் காதுக்கு மேலே வெட்டப்பட்டிருக்கும். உடுப்புக்கு நம்பர் இருக்கும்.

அந்த நம்பரை விளக்க வேண்டும். விடுதியில் எந்தப் பிள்ளைக்கும் சொந்தமாக உடுப்புக் கிடையாது. ஒரு பெரிய அலுமாரி இருந்தது. யாருடைய சொந்தக்காரர் எதைக் கொண்டுவந்தாலும் அது அந்த அலுமாரிக்குள் போகும். நம்பர் உடுப்பின் அளவைக் குறிக்கும், எந்தப் பிள்ளைக்கு அளவோ அந்தப் பிள்ளை போடும். மடத்துக்குத் தலைவியான பெரிய மதர் இதைப் பற்றி எங்களுக்கும் ஒருநாள் சொன்னார். பத்துப் பிள்ளைகளில் ஒரு பிள்ளைக்கு மட்டும் மாமன் சட்டை கொண்டுவந்தால் மற்றப் பிள்ளைகள் இரவு அழுவார்கள், ஆகவே மடத்தில் ‘என்ரை’ என்ற சொல் இல்லை, ‘எங்கடை’ மட்டும்தான் என்று. நல்ல விதி. இன்றைக்கு யோசித்துப் பார்த்தாலும் அதில் ஒரு குறை சொல்ல எனக்கு வரவில்லை.

நெடுந்தீவுப் பிள்ளை வந்தது தைப்பொங்கல் முடிந்த கையோடு. தகப்பன் பனையால் விழுந்து செத்துப்போனார். தாய் நெல் அறுக்கும் கூலி வேலைக்கு, அருவி வெட்டுக்கு, வன்னிக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே மலேரியா, பிள்ளையைக் கொண்டுபோகப் பயம். ஊரில் இருந்த கத்தோலிக்க அயலவர் ஒருவர் மடத்தைப் பற்றிச் சொல்ல, தாய் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். கேற்றடியில் வைத்துத் தாய் சொன்னதை அந்தப் பிள்ளை எங்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். நம்மில் பலருக்கு அது பாடமாகவே இருந்தது.

“மாதா திருநாளுக்குக் கூடு பாக்க எங்கடை ஊரிலையிருந்து வள்ளங்கள் வரும். அதிலை வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவன். கிளிப்பச்சையிலை ஒரு சட்டை தைச்சுக்கொண்டு வருவன். அதைப் போட்டுக்கொண்டுதான் ஊருக்குப் போறம்.”

கூடு என்றால் மாதாவின் சுரூபத்தை வைத்துத் தோளில் தூக்கி வீதி சுற்றி வரும் அலங்காரக் கூடு. அது ஆவணியில். பிள்ளை வந்தது தையில். அவள் மாதங்களை விரல்விட்டு எண்ணவில்லை. காற்றைப் பார்த்தாள். தென்மேற்கிலிருந்து அடிக்கும் சோழகக் காற்று தொடங்கினால் திருநாள் கிட்டுகிறது என்று அவளுக்குத் தெரியும், கடல் ஊர்ப் பிள்ளை.

படத்தை அனுப்பியவள் கோபிக்க மாட்டாள், அவள்தான் கிண்டலுக்குத் தலைவி. நெடுந்தீவில் காட்டுக் குதிரைகள் திரிவதை வைத்து ஒருநாள் கேட்டாள்.

“உங்கடை ஊரிலை குதிரையிலையோடி பள்ளிக்கூடம் போறனீங்கள்?”

“குதிரை உம்மை மாதிரி. பள்ளிக்கூடத்துக்கு வரும், ஆனாப் படியாது” என்றாள் நெடுந்தீவுப் பிள்ளை.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தப் பட்டம் நிலைத்தது. அவளும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவளுக்கு இன்னொரு மதிப்பும் இருந்தது. பூசைக்கு வேண்டிய அப்பத்தை மடத்திலேயே சுட்டார்கள். நீண்ட பிடி போட்ட இரும்பு அச்சில் மெல்லிய தாளாகச் சுட்டு, வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். வெட்டி மிஞ்சிய ஓரங்கள் ஒரு தகரத்தில் சேரும். அந்த அறையில் கூட்டித் துடைப்பது அவள் வேலை. இடைவேளையில் தகரத்தோடு வருவாள். வாயில் வைத்தால் ருசி ஒன்றும் இல்லாமல் கரையும் அந்தத் துண்டுகளுக்காக நாம் பட்ட அவா எனக்கு இன்றும் விளங்கவில்லை. சைவப் பிள்ளை உதைத் தின்னக்கூடாது என்று என் மாமி சொல்லியிருந்தா. நான் தயங்கி நின்றதைப் பார்த்துக் குசினிச் சிஸ்டர் சிரித்தார்.

“ஆசீர்வதிக்க முந்தி உது வெறும் கோதம்பை மா, பிள்ளை. தின்னும்.”

மாமி என்று நான் சொல்வது என் தகப்பனின் அக்காவை. அப்பா தென்னிலங்கையில், காலி நகரத்தில் கடையோடு இருந்ததால் எங்கள் வீட்டை நடத்தியது மாமிதான். ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் மாமியைக் கேட்பார்கள். நோன்பு எப்போது பிடிப்பது, பிள்ளைக்கு எந்த மாதம் தோடு குத்துவது, அரசாங்கக் கச்சேரியில் அலுவல் பார்க்க யாரைப் பிடிப்பது என்று. தெரியாது என்று மாமி சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த ஆண்டு கூட்டுக்கு முன்னால் பூப்போட விடுதியில் ஒரு கத்தோலிக்கப் பிள்ளையைத் தெரிந்தெடுத்திருந்தார்கள். பாட்டுச் சிஸ்டர் மன்னார்க்காரர், வயது குறைந்தவர், எங்களோடு ஒற்றைக் காலில் கெந்தி விளையாடுவார். ஆனால் பவனிப் பழக்கத்தில் மட்டும் கண்டிப்பு. முந்திய ஆண்டு பூப்போட்ட பிள்ளை சனத்துக்குள் தன் சித்தப்பாவைக் கண்டு ஓடிப்போய்விட்டாள். வரிசை குழம்பியது. பங்குச் சுவாமியார் எல்லோருக்கும் முன்னால் சிஸ்டரை ஏசினார். ஆகவே இந்த முறை மணல் முற்றத்தில் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வெறும் மேசையைக் கூடு என்று வைத்துக்கொண்டு பழக்கினார்.

“கண் நேரை. ஆர் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. அம்மா கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது.”

திருநாளுக்குச் சில நாள் இருக்க, தெரிந்தெடுத்த பிள்ளைக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்தது. தைத்த வெள்ளைச் சட்டை வேறொருவருக்கும் அளவில்லை. நெடுந்தீவுப் பிள்ளைக்கு அளவெடுத்தது போல இருந்தது. சைவப் பிள்ளைகளான நாங்கள் பாட்டு வரிசையில் வழமையாக நடப்போம், அதைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் கூட்டுக்கு முன்னால், முடி வைத்துக்கொண்டு ஒரு சைவப் பிள்ளை போவதைப் பெரிய மதர் விரும்பவில்லை. மண்டபத்துச் சுவரோரம் நின்று மதரும் பாட்டுச் சிஸ்டரும் கதைத்ததை நான் கேட்டேன்.

“தாய் அண்டைக்கு வாறாவாம், மதர். முன்னுக்கு நிண்டால் வந்தவுடனை பிள்ளையைத்தானே காணுவா. அந்தத் தாய்க்கு ஒரு சந்தோசம்” என்றார் பாட்டுச் சிஸ்டர்.

பெரிய மதர் சரி என்றார். அந்த இரண்டு பேரின் நல்ல மனத்தையும் நான் ஒருபோதும் சந்தேகித்ததில்லை. நடந்தது அந்த நல்ல மனத்தால்தான் நடந்தது.

திருநாள் அன்று காற்று பலம் என்று படத்தின் பின்னால் எழுதியிருப்பது சரி. கொடிகள் கிழிந்தன. பிள்ளையின் தலையில் இருந்த நெற்றை ஊசிகளால் குத்தி முடியோடு சேர்த்திருந்தார்கள். பின்னேரம் கூடு வெளிக்கிட்டது. முன்னால் அவள், பின்னால் கூடு, அதற்குப் பின்னால் பாட்டுக்காரராக நாம். ஒழுங்கையின் இரு பக்கமும் சனம். நெடுந்தீவு, நயினாதீவு வள்ளங்களில் வந்தவர்கள் வேலியோரமாக நின்றார்கள். மாதாவுக்கு மல்லிகைப் பூவோடு ஆண்டுதோறும் வரும் சைவப் பெண்களில் என் மாமியும் ஒருவர். அன்றும் வேலியில் ஒரு பூவரசங் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றா. மாமிக்குப் பக்கத்தில் வெளிறிய சிவப்புச் சேலையோடு ஒரு பெண் நின்றாள். கக்கத்தில் பேப்பரில் சுற்றிய பார்சல். மாமி அவளுக்கு ஏதோ விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தா.

நெடுந்தீவுப் பிள்ளை அவர்களைக் கடந்து போனாள். கை நீட்டினால் தொடக்கூடிய தூரம். பூவை எடுத்தாள், போட்டாள், எடுத்தாள், போட்டாள். கண் நேரே இருந்தது. அந்தப் பெண் ஒரு கையைத் தூக்கினாள். கும்பிடவோ கூப்பிடவோ, எனக்குத் தெரியாது. வாய் அசைந்தது. எங்கள் பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அவள் ஏதோ ஒரு பெண், கூடு பார்க்க வந்த சனம். அதற்கு மேல் நான் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை.

காற்றின் காரணமாக நெடுந்தீவு வள்ளங்கள் அன்று பூசை முடியும்வரை நிற்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட்டன. பிள்ளை கேற்றடியில் வெள்ளைச் சட்டையோடு நின்றாள். பாட்டுச் சிஸ்டர் உடுப்பு மாற்றக் கூப்பிட்டார். மாட்டேன் என்றாள். அம்மா இன்னும் தன்னை இந்த உடுப்பில் காணவில்லை என்றாள். எங்களை வீட்டுக்கு அனுப்பும்வரை அவள் அங்கேயே நின்றதைப் பார்த்தேன். மறுநாள் முடி இருந்த இடத்தில் ஊசி குத்திய காயம் இருந்தது.

அடுத்த கிழமை மாமி ஒரு பார்சலைக் கொண்டுபோய் மடத்தில் கொடுத்தா. திருநாளுக்கு வந்த யாரோ மடத்துச் சின்னப் பிள்ளைகளுக்கென்று கொடுத்த உடுப்பு என்று சொன்னா. அது வழக்கப்படி அலுமாரிக்குள் போனது. புதிதாக வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளைக்கு அளவாக இருக்கவே, அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். கிளிப்பச்சைச் சட்டை. கையில் சுருக்கு வைத்துத் தைத்தது. நெடுந்தீவுப் பிள்ளை அதன் ஓரத்தைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள்.

“எனக்கும் அம்மா உப்பிடி ஒண்டுதான் கொண்டருவா” என்றாள்.

பெரிய மதர் நெடுந்தீவுச் சுவாமியார் மூலம் விசாரித்தார். வீடு பூட்டிக் கிடக்கிறது, பெண் திரும்பவும் வன்னிக்குப் போய்விட்டாளாம் என்று பதில் வந்தது. தாய் கைவிட்டுவிட்டாள் என்று மடம் முடிவு செய்தது. ஊரும் அப்படியே சொன்னது. மாமியும் சொன்னா. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போக எப்படி மனம் வந்தது என்று எங்கள் குசினியில் நின்று மாமி அந்தத் தாயை ஏசியது என் காதில் இருக்கிறது.

ஒருநாள் நானும் அந்தப் பிள்ளையும் கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தோம். தானாகவே சொன்னாள்.

“நான் ஒருக்காலும் திரும்பேல்லை. சிஸ்டர் சொன்ன மாதிரியே நடந்தனான். நீர் பின்னாலை வந்தனீர்தானே, கண்டனீர்தானே?”

ஓம், கண்டேன் என்றேன். தான் குழப்படி செய்யவில்லை என்பதற்கு அவளுக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அதன்பிறகு அவள் தாயைப் பற்றிக் கதைக்கவில்லை. அப்ப ஓரத் தகரத்தோடும் வருவதில்லை. கேட்டால் மட்டும் தருவாள். நாம் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அவளைப் பெருநிலப்பரப்பில் இருந்த வேறொரு விடுதிக்கு மாற்றினார்கள். போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவை. சண்டையில் நம் தீவு காலியானது. நாம் கொழும்புக்கும் கனடாவுக்கும் லண்டனுக்கும் போனோம். மடத்துக்குக் கூரை இல்லாமல் போனது.

மாமி தன் கடைசிக் காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டில் இருந்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் பூசை போய்க்கொண்டிருந்தது. வெள்ளை உடுத்திய பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். மாமி சிரித்துக்கொண்டு ஒரு பழைய கதையைச் சொல்லத் தொடங்கினா. தான் சொன்னது சரிதான் என்ற திருப்தியோடு சொன்ன கதை.

“ஒருக்கா மாதா திருநாளுக்கு ஒரு நெடுந்தீவு மனுசி எனக்குப் பக்கத்திலை நிண்டவள். ஒண்டும் தெரியாத சைவச் சனம். உந்தப் பிள்ளைக்கு ஏன் வெள்ளை உடுத்தி முடி வைச்சிருக்கினம் எண்டு கேட்டாள். உது கோயிலுக்குக் குடுத்த பிள்ளை, சிஸ்டராப் போறதுக்கு எண்டன்.”

மாமி அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் அயலில் ஒரு கத்தோலிக்கப் பெண் கன்னியாஸ்திரியானபோது மாமி கோயிலுக்குப் போய்ப் பார்த்திருக்கிறா. அவளுக்கும் வெள்ளைச் சட்டை, நெற், முடி. அவள் பிறகு வீட்டுக்கு வரவில்லை.

“குடுத்தால் திருப்பிக் கேக்க ஏலாதோ எண்டாள். குடுத்தால் குடுத்ததுதான், இனி மாதாதான் தாய் எண்டன். அவள் என்ன சொன்னவள் தெரியுமோ? தங்கடை ஊரிலை கோயிலுக்கு விட்ட மாட்டுக்குக் குறி சுட்டு விடுறவையாம். பிறகு அது வளவுக்குள்ளை வந்து நிண்டாலும் ஒருத்தரும் கட்ட மாட்டினமாம். பிள்ளை கிட்ட வந்து கடந்து போகேக்கை, பாத்தியளே, திரும்பியும் பாக்குதில்லை எண்டாள். ஓம், அப்பிடித்தான், அவைக்கு இனிச் சொந்தம் பந்தம் இல்லை எண்டன். பிறகு பார்சலை என்ரை கையிலை தந்தாள். மடத்திலை ஆரும் சின்னப் பிள்ளைக்குக் குடுங்கோ எண்டிட்டு வள்ளத்துக்குப் போட்டாள்.”

“ஆரெண்டு கேக்கேல்லையோ மாமி?”

“கூடு பாக்க வந்த சனம். ஆரை ஆரெண்டு கேக்கிறது?”

மாமி திரும்பவும் பூசையைப் பார்க்கத் தொடங்கினா. அன்று குசினியில் நின்று தான் ஏசிய அந்தத் தாயும், வேலியோரத்தில் பக்கத்தில் நின்ற பெண்ணும் ஒருத்திதான் என்பது மாமிக்கு எட்டவே இல்லை. அந்த ஆண்டு முடிய முன்னரே மாமி காலமானா.

நெடுந்தீவில் மாடுகளுக்குக் குறி சுடுவார்கள் என்பதும், கோயிலுக்கு நேர்ந்துவிட்ட மாட்டை உரிமை கோருவது பெரும் பாவமாக எண்ணப்பட்டது என்பதும் நான் வேறு இடங்களில் கேட்டு உறுதி செய்தவை. பிள்ளையை மடம் பறித்துவிட்டது என்று நினைத்திருந்தால் அந்தப் பெண் மடத்துக் கேற்றில் நின்று சண்டை பிடித்திருப்பாள். கோயிலுக்குப் போய்விட்டதாக நம்பியதால் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் பிள்ளை எங்கே என்று பல ஆண்டுகளாகத் தேடினேன். கன்னியர் சபையின் தலைமை இல்லத்துக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் தந்தார்கள்: அந்த விடுதியின் பத்திரங்கள் இடப்பெயர்வில் அழிந்துவிட்டன. பாட்டுச் சிஸ்டர் இறந்துவிட்டார். உங்களில் ஒருத்தி அவள் கன்னியாஸ்திரியாகி மடு மாதா கோயில் பக்கம் இருந்ததாகச் சொன்னாள், இன்னொருத்தி அவள் வன்னியில் கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டதாகச் சொன்னாள். இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. சென்ற ஆண்டு ஊருக்குப் போனபோது மடத்துக் கிணற்றடியில் இரண்டு வயோதிபக் கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவு. அலுமாரியைப் பற்றி விசாரித்தேன். அவர்கள் அதைக் கண்டதில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையில், முன்பு திருநாள் சனத்தை ஏற்றிய ஒரு நெடுந்தீவு வள்ளக்காரரைச் சந்தித்தேன். இப்போது கண் தெரியாது. அவர் சொன்னது இது: தனியாக ஒரு பெண், வள்ளங்கள் ஓடிய காலம் முழுவதும், ஆவணி தோறும் தன் வள்ளத்தில் வருவாள். வேலியோரத்தில் நின்று கூடு பார்ப்பாள். மடத்துக்குள் போகமாட்டாள். வெளிச்சம் இருக்கும்போதே வந்து வள்ளத்தில் ஏறிவிடுவாள். அவளுக்கு ஒரு பிள்ளை இருந்ததா என்று கேட்டேன். அப்படிக் கதைத்ததாக நினைவில்லை என்றார். அந்தக் காலத்தில் அவரோடு வள்ளத்தில் நின்ற வேறு இருவரைக் கேட்டேன். அப்படி ஒரு பெண்ணையே தங்களுக்குத் தெரியாது என்றார்கள்.

அந்தத் திருநாளுக்குப் பிறகு நெடுந்தீவுப் பிள்ளை பூப்போடவில்லை. மடத்தில் இருந்தவரை ஒவ்வோர் ஆவணியும் பாட்டு வரிசையில், வேலிப் பக்கமாக, எனக்குப் பக்கத்தில், கண் நேரே நடந்தாள். இது எனக்கு உறுதியாகத் தெரியும். அந்த ஆண்டுகளிலும் வேலியோரத்தில் அந்தப் பெண் நின்றாளா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.